திமோத்தி திறக்கவிடாத உறைகள்

கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் திமோத்தியின் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்று கதவு தள்ளி. நாற்பத்தேழு வயது. காலை ஆறரைக்கு அவருடைய மோட்டார் கீழே உறுமினால், எங்கள் மாடியில் இன்னும் படுத்திருப்பவர்களும் எழுந்துவிடுவார்கள். பின்னால் வெள்ளை நிறத்தில் பெரிய குளிர்ப்பெட்டி. உணவு விநியோகம் செய்கிறார் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை மின்தூக்கியில், "அண்ணே, மதியம் என்ன ஸ்பெஷல்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் முகத்தை மாற்றாமல், "இரத்தம்" என்றார்.

அதுதான் அவர் தொழில். பங்சார், பிரிக்பீல்ட்ஸ், சாலாக் செலாத்தான், அம்பாங் என்று கிளினிக் கிளினிக்காகப் போய், நோயாளிகளிடம் எடுத்த இரத்த, சிறுநீர் மாதிரிகளை வாங்கி, பெட்டாலிங் ஜெயாவில் உள்ள ஒரு பரிசோதனைக் கூடத்தில் மதியத்துக்குள் சேர்க்க வேண்டும். சின்னச் சின்னக் குழாய்கள் பிளாஸ்டிக் பைகளில் இருக்கும். அப்போதெல்லாம் ஒவ்வொன்றோடும் ஒரு பழுப்பு உறை. உறைக்குள் இருக்கும் தாளில் நோயாளியின் பெயர், ஐ.சி. எனும் அடையாள அட்டை எண், டாக்டர் என்ன பரிசோதனை கேட்டிருக்கிறார் என்ற விவரம் எல்லாம் இருக்கும். பத்தொன்பது வருஷமாக இந்த வேலை. அந்த உறைகளில் ஒன்றைக்கூட அவர் பிரித்துப் பார்த்ததில்லை.

பெட்டியைச் சுமப்பது போலவே அவருக்குப் பழகிப்போன இன்னொரு விஷயம், சாலையில் நிறுத்தப்படுவது. கறுத்த, வாட்டசாட்டமான ஆள், அடர்ந்த மீசை, வழுக்கி விழுந்ததில் புருவத்துக்கு மேல் ஒரு வெட்டுத் தழும்பு, போதாக்குறைக்குப் பெரிய பெட்டி. பத்து மோட்டார் போனால் போலீஸ்காரர்கள் அவரைத்தான் கைகாட்டி ஓரம் கட்டச் சொல்வார்கள். அதற்கென்று ஒரு முறையே வைத்திருந்தார். முதலில் என்ஜினை அணைப்பது, அப்புறம் ஹெல்மெட், அப்புறம் கறுப்புக் கண்ணாடி. கேட்பதற்கு முன்னாலேயே ஐ.சி.யை நீட்டுவது. "செலாமாட் பாகி, டுவான்" என்று சிரித்தபடி, ஐயா போட்டுக் காலை வணக்கம் சொல்வது. பெட்டியைத் திற என்றால் திறப்பது, கைப்பேசியைக் கொடு என்றால் கொடுப்பது. ஏன் என்று கேட்டதே இல்லை.

கேட்காததற்கு ஒரு காரணம் இருந்தது. இருபத்து நான்கு வயதில், ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவரைச் சாதாரண உடையில் வந்த இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். யாரோ ஒரு திருடனின் சாயல் அவருக்கு இருந்ததாம். ஏன், எதற்கு என்று அவர் கேட்கக் கேட்க அவர்களுக்குக் கோபம் ஏறியது. இரண்டு நாள் உள்ளே வைத்திருந்துவிட்டு, ஆள் இவரில்லை என்று தெரிந்ததும் வெளியே அனுப்பினார்கள். தொழிற்சாலை வேலை போய்விட்டது. எந்த ஸ்டேஷன் என்று அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. "அன்னிக்கு வாயைத் திறந்தேன், ரெண்டு நாள். திறக்காம இருந்திருந்தா அரை மணி நேரத்துல விட்டிருப்பாங்க" என்றுதான் சொல்வார். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பாதான் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்து வீட்டுக்குக் கூட்டிவந்ததாகவும் சொன்னார்.

அவருடைய மனைவி பிலோமினாவுக்கோ, போலீஸ் சாலையை மறித்துச் சோதனை போடும் ரோட் பிளாக் என்றால் உயிர். அதற்கும் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் காலையில் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டுத் திரும்பும்போது, மோட்டாரில் வந்த இரண்டு பேர் அவள் தோள்பையைப் பிடித்து இழுத்தார்கள். பையின் வார் அறுபடாமல் அவளையும் சேர்த்துத் தரதரவென்று இழுத்துப் போட்டது. காரை எலும்பு முறிந்து, இரண்டு மாதம் கையைத் தூக்க முடியாமல் கிடந்தாள். மூன்றாவது வாரம் ஒரு ரோட் பிளாக்கில் அந்த இருவரும் மாட்டினார்கள். அவர்களுடைய சீட்டுக்கு அடியில் ஐந்து பெண்களின் ஐ.சி. இருந்ததாம். அன்றிலிருந்து காரில் யாரோடு போனாலும், ரோட் பிளாக்கைக் கண்டால் கண்ணாடியை இறக்கி, போலீஸ்காரருக்கு "தெரிமா காசே" என்று நன்றி சொல்லாமல் வரமாட்டாள். தான் வாரம் இரண்டு முறை நிறுத்தப்படுவதைத் திமோத்தி அவளிடம் முன்பும் சொன்னதில்லை; அதன் பிறகு சொல்ல மனமே வரவில்லை.

போன வருஷம் ஒரு புதன்கிழமை. சாலையில் நிறுத்துகிற ஆளின் கைப்பேசியைப் போலீஸ் வாங்கிப் பார்க்கலாமா, கூடாதா என்று மாமாக் சாப்பாட்டுக் கடையில்கூட ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்த சமயம். அன்று பங்சாரில் மாதிரி எதுவும் இல்லாததால், திமோத்தியின் முதல் கிளினிக் பிரிக்பீல்ட்ஸ்தான். டாக்டர் கனகேஸ்வரி முப்பது வருஷமாக நடத்துகிற சின்ன கிளினிக் அது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, ஒரு பெண் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு இரத்தம் எடுக்கிற அறையிலிருந்து வெளியே வந்தாள். திமோத்தி போகிற அதே தேவாலயத்துக்கு வருகிறவள். யார் என்று எனக்கு அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

"அங்கிள், நீங்களா இதை எடுத்துட்டுப் போவீங்க?"

"ஆமாம்மா."

"எங்க வீட்ல யாருக்கும் தெரியாது, அங்கிள். கோயில்லயும்..."

"நான் பெட்டியைத்தான்மா தூக்குவேன். உள்ளே இருக்கிற பேரை நான் பார்க்கிறதில்ல. வேற யாரும் பார்க்கவும் மாட்டாங்க. நீ தைரியமா போ."

சொல்லிவிட்டாரே தவிர, வேறு யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று அவருக்கே அப்போது உறுத்தியதாம். கவுண்டரில் இருந்த நர்ஸ் புஷ்பவல்லி சிஸ்டர் கொடுத்த ஏழு பைகளையும் ஏழு உறைகளையும் பெட்டியில் அடுக்கிவிட்டுக் கிளம்பினார்.

மூன்று தெரு தாண்டவில்லை. மோனோரயில் பாலத்துக்குக் கீழே ரோட் பிளாக். மணி ஒன்பதேகால். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ஓர் இளம் போலீஸ் கோப்ரல் அவரைக் கைகாட்டி ஓரம் கட்டச் சொன்னார். மார்பில் ஹஃபிஸ் என்று பெயர். திமோத்தி வழக்கப்படி எல்லாம் செய்தார். என்ஜின், ஹெல்மெட், கண்ணாடி, ஐ.சி.

"பெட்டியைத் திறங்க" என்றார் கோப்ரல், மலாயில்.

திறந்தார். ஐஸ் கட்டிகள், குழாய்கள், உறைகள். கோப்ரல் ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். வைத்தார். அடுத்து ஓர் உறையை எடுத்து, ஒட்டியிருந்த மூடியில் கட்டை விரலை நுழைத்தார்.

"டுவான், அது வேண்டாம்."

தன் வாயிலிருந்துதான் அது வந்ததா என்று திமோத்திக்கே சந்தேகமாக இருந்தது. கோப்ரல் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன?"

"பெட்டியைப் பாருங்க. குழாயைப் பாருங்க. மோட்டாரைப் பிரிச்சுக்கூடப் பாருங்க. அந்த உறை மட்டும் என்னுடையது இல்ல. நோயாளிகளுடையது."

"உள்ளே என்ன இருக்கு?"

"பேரு. என்ன நோய்னு டாக்டர் சந்தேகப்படுறாங்களோ அது."

"அப்போ ஃபோனைக் கொடுங்க. திறந்து கொடுங்க."

அதுவும் வம்புதான். அவருடைய கைப்பேசியில் கிளினிக்குகளின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. இன்னாருடைய மாதிரி தயார், இன்ன பரிசோதனை, அவசரம் என்று நர்சுகள் பெயர் போட்டே அனுப்புவார்கள். ஒரு வருஷத்துப் பெயர்கள் அதில் கிடந்தன. திமோத்தி கைப்பேசியை நீட்டினார், ஆனால் பூட்டைத் திறக்கவில்லை.

"இதிலயும் அவங்க பேருதான் டுவான் இருக்கு. என்ன சந்தேகம்னு சொல்லுங்க. என்னால முடிஞ்சதைக் காட்டுறேன்."

கோப்ரலின் குரல் உயர்ந்தது. "மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா ஏன் பயப்படுறீங்க? திறக்க மாட்டேன்னா ஸ்டேஷனுக்கு வாங்க."

பின்னால் நிறுத்தியிருந்த கார்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஸ்டேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்திய அந்த அறையின் வாடை திமோத்தியின் மூக்கில் அடித்ததாம். திறந்து கொடுத்துவிட்டால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. ஆனால் கோப்ரல் கையில் இருந்த உறை யாருடையது என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதுதான் தன்னைப் பிடித்து நிறுத்தியது என்றார்.

"சரி, டுவான். ஸ்டேஷனுக்கே போகலாம். பெட்டி என்கூட வரட்டும். டாக்டரையும் கூப்பிட்டுட்டு, அவங்க முன்னால உங்க அதிகாரி பிரிக்கட்டும். இது வெயில்ல நின்னா மட்டும் கெட்டுப்போயிடும்."

அப்போதும் அவர் கத்தவில்லை.

சத்தம் கேட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் வந்தார். நோராய்னி என்று பெயர். ஐம்பதை நெருங்குகிற பெண்மணி. கோப்ரல் ஒரு பக்கம் சொன்னார். திமோத்தி ஒரு பக்கம் சொன்னார். இன்ஸ்பெக்டர் இரண்டையும் கேட்டுவிட்டு முதலில் செய்த காரியம், பெட்டியின் மூடியைச் சாத்தி, அதைத் தூணின் நிழலுக்கு நகர்த்தச் சொன்னதுதான்.

அந்த நேரம் பார்த்து, கோப்ரல் கையில் இருந்த கைப்பேசி அடித்தது. சாலாக் செலாத்தான் கிளினிக்கின் நர்ஸ் சீதாலெட்சுமி.

"எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "ஸ்பீக்கர்ல போடுங்க."

கோப்ரல் பொத்தானை அழுத்தியதுதான் தாமதம், "அண்ணே, எங்க இருக்கீங்க? மணி என்ன ஆகுது லா! அந்த அர்ஜண்ட் கேஸ் ரெடியா இருக்கு, மிசஸ்..." என்று சீதாலெட்சுமி ஆரம்பித்துவிட்டாள்.

"சிஸ்டர்! பேர் சொல்லாதீங்க! ஸ்பீக்கர்ல இருக்கு!"

பாலத்துக்கு அடியில் எதிரொலிக்கிற அளவுக்குக் கத்திவிட்டார் திமோத்தி. அந்தப் பக்கம் மெல்லிய குரலில், "ஐயோ... சாரி அண்ணே. யார் கூட இருக்கீங்க?" என்றாள்.

"போலீஸ்கூட. ரோட் பிளாக். அப்புறம் கூப்பிடுறேன்."

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். அவருக்குத் தமிழ் தெரியாது. திமோத்தி மலாயில் சொன்னார். இன்ஸ்பெக்டர் கோப்ரலிடமிருந்து உறையை வாங்கி, பிரிக்காமல், பெட்டியின் மேலே வைத்தார்.

"உங்க டாக்டர் எங்கே?"

"மூணு தெரு தள்ளி, புவான். நடந்தே வந்துடுவாங்க" என்றார் திமோத்தி. பெண் அதிகாரியை மலாயில் மரியாதையாகப் புவான் என்பார்கள்.

மாதிரிப் பையில் அச்சடித்திருந்த கிளினிக் எண்ணுக்கு இன்ஸ்பெக்டரே பேசினார். பத்து நிமிஷத்தில் டாக்டர் கனகேஸ்வரி வந்தார். அறுபத்தெட்டு வயது, வெள்ளைப் பருத்திச் சேலை, ஒரு கையில் குடை. கூடவே புஷ்பவல்லி சிஸ்டர், காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டர் சுருளையும் கத்தரிக்கோலையும் பிடித்துக்கொண்டு. டாக்டரின் குடும்பம் மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். அதிகாரிகளோடு எந்தச் சுருதியில் பேசுவது என்பது அவருக்குப் பிறவியிலேயே வந்தது.

"குட் மார்னிங், இன்ஸ்பெக்டர். நீங்கள் தேடுறதைத் தேடத்தான் வேணும். அதுக்கு நான் குறுக்கே நிக்கமாட்டேன். பேரை மட்டும் மூடிப்போட்டுத் தாறேன். சரியோ?" என்று மலாயும் ஆங்கிலமுமாகச் சொல்லிவிட்டு, திமோத்தி பக்கம் திரும்பித் தமிழில், "பயப்படாதேங்கோ திமோத்தி. குடையைப் பிடியுங்கோ" என்றார்.

திமோத்தி குடையைப் பிடித்தார். குடையின் மறைவில் டாக்டர் ஒவ்வோர் உறையாகப் பிரித்தார். சிஸ்டர் பிளாஸ்டரை வெட்டிக் கொடுக்கக் கொடுக்க, பெயரின் மேல் ஒன்று, ஐ.சி. எண்ணின் மேல் ஒன்று, பரிசோதனையின் மேல் ஒன்று என்று ஒட்டி, தாளை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார், உறையைத் தலைகீழாகத் தட்டினார், உள்ளே விரல் விட்டுத் தடவினார். கோப்ரல் ஐஸ் கட்டிகளை எடுத்துப் பெட்டியின் அடிவரைக்கும் பார்த்தார். ஏழு தாள், ஏழு குழாய்ப் பை. வேறு ஒன்றும் இல்லை.

"போதும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பிறகு, சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டாலும், காரணத்தையும் சொன்னார். போன வாரம் இதே சாலையில், மருத்துவ அடையாளம் ஒட்டிய ஒரு குளிர்ப்பெட்டி போயிருக்கிறது. பிறகு பிடிபட்டபோது உள்ளே உறை உறையாகப் போதை மாத்திரை. அன்றைக்குப் பெட்டியில் ஒட்டியிருந்த சிவப்பு அடையாளத்தைப் பார்த்துவிட்டு, போ என்று கையசைத்து அனுப்பியவர் இதே ஹஃபிஸ். அதற்காக மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

திமோத்தி கோப்ரலைப் பார்த்தார். விடியற்காலையிலிருந்து வெயிலில் நின்று முகம் கன்றிப்போயிருந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். 'இதை முதல்லயே என்கிட்ட சொல்லியிருந்தா நானே டாக்டருக்கு ஃபோன் போட்டிருப்பேனே' என்றுதான் தனக்குத் தோன்றியது என்றார் திமோத்தி. கோபம் வரவில்லையா என்று நான் கேட்டேன். வந்தது, ஆனால் அது அந்தப் பையன் மேல் மட்டும் இல்லை என்றார்.

இன்ஸ்பெக்டர் கைப்பேசியை வாங்கி, திரையைக்கூடப் பார்க்காமல், திமோத்தியிடம் கொடுத்தார். "நீங்க கேட்டது சரி" என்றார். கோப்ரல் ஐ.சி.யை நீட்டும்போது குரலைத் தாழ்த்தி, "மாஃப், பாங்" என்றார். மன்னிச்சுக்குங்க அண்ணே என்று அர்த்தம். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் யாரும் சொல்லாத சொல் அது. "தண்ணி குடிங்க, டிக்" என்று தம்பியிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுத் திமோத்தி மோட்டாரைக் கிளப்பினார்.

ஐம்பது நிமிஷம் போயிருந்தது. கூடத்தின் மேற்பார்வையாளர் விஜயனுக்கு விஷயத்தைச் சொன்னார். சாலாக் செலாத்தானுக்கும் அம்பாங்குக்கும் வேறு ஆளை அனுப்பிவிட்டு, அவரை நேரே வரச் சொன்னார் விஜயன். பெட்டாலிங் ஜெயா வரைக்கும் அவருக்கு ஒரே நினைப்புதான். குளிர் போயிருந்தால் அந்தக் குழாய்களைக் கொட்டிவிட்டு, அவர்களை மறுபடியும் கூப்பிட்டு ஊசி குத்த வேண்டும். அந்தப் பெண் மறுபடியும் வீட்டுக்குத் தெரியாமல் வர வேண்டும். கூடத்தில் வெப்பமானியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்த அந்த அரை நிமிஷம், ரோட் பிளாக்கில் நின்ற ஐம்பது நிமிஷத்தைவிட நீளமாக இருந்ததாம். எட்டு டிகிரியைத் தாண்டக்கூடாது.

"ஆறு" என்றாள் கூடத்துப் பெண். "ஓக்கே லா, அங்கிள். எல்லாம் நல்லா இருக்கு."

திமோத்தி பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. சிகரெட் பிடிக்க வந்த காவலாளி, "என்ன பாஸ், லாட்டரியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், குளிக்கக்கூடப் போகாமல் பிலோமினாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்கு நடந்ததை மட்டும் இல்லை. பஸ் நிறுத்தத்தையும், இரண்டு நாளையும், வாரத்துக்கு இரண்டு முறை நிறுத்தப்படுவதையும் சேர்த்து. பிலோமினா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள். கேட்டு முடித்ததும் முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான்.

"பத்தொன்பது வருஷமா, ஏங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"உனக்கு ரோட் பிளாக்னா பிடிக்கும்னு..."

"பிடிக்கும். இப்பவும் பிடிக்கும். அவங்க நிக்கலேன்னா அந்தப் பசங்க இன்னும் எத்தனை பேரை இழுத்துப் போட்டிருப்பாங்களோ. அதுக்காக உங்களை வாரா வாரம் நிறுத்துறது எனக்குப் பிடிக்கும்னு யார் சொன்னது?"

பிறகு, அவளும் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். திருடர்கள் பிடிபட்டதும் பையை அடையாளம் காட்ட அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஒருவர் பையில் இருந்ததை ஒவ்வொன்றாக மேசை மேல் எடுத்துப்போட்டு, பட்டியல் எழுதுவதற்காகச் சத்தமாகப் படித்தார். சீப்பு, சாவி, ஜெபமாலை. அப்புறம் டாக்டர் கொடுத்த கடிதத்தையும் பிரித்து அதே குரலில் படித்தார். மார்பில் இருந்த ஒரு கட்டியைப் பற்றிய கடிதம். பிறகு அது ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் ஆறேழு ஆண்கள் இருந்தார்கள்.

"அவர் கெட்ட மனுஷன் இல்லங்க. எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணியும் வாங்கிக் கொடுத்தாரு. என் பையை மீட்டுக் கொடுத்தவரு. அவர்கிட்ட போய், இதைப் படிக்காதீங்கன்னு எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

திமோத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள் என்பதை பிலோமினா பின்னால் என் மனைவியிடம் வெட்கத்தோடு சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் விஜயனிடம் போய், "பாஸ், இனிமே பேரை நான் தூக்க மாட்டேன்" என்றார் திமோத்தி. விஜயனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகும் உடனே நடந்துவிடவில்லை. இரண்டு மாதம் இழுத்தது. கிளினிக்குகளுக்குக் கூடுதல் வேலை என்று இரண்டு டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். டாக்டர் கனகேஸ்வரி ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டுப் பேசினார். இப்போது குழாயிலும் பையிலும் எண் மட்டும்தான். பெயர் எழுதிய தாள் பெட்டியில் வருவதே இல்லை; கிளினிக்கிலிருந்து நேரே கூடத்துக் கணினிக்குப் போய்விடுகிறது. வாட்ஸ்அப் குழுவிலும் எண்கள் மட்டுமே. இப்போது யார் பெட்டியைப் பிரித்தாலும் திமோத்திக்குக் கவலையில்லை. கூடத்தின் தொலைபேசி எண்ணோடு மலாயில் எழுதிய கடிதம் ஒன்றும் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

இப்போதும் நிறுத்துகிறார்கள், அது குறையவில்லை. ஆனால் பெட்டியைத் திறந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. கைப்பேசியைக் கேட்பவர்களிடம், "என்ன சந்தேகம், டுவான்?" என்று ஒரு முறை கேட்கிறார். பாதிப் பேர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்களாம். மீதிப் பேர் ஏதாவது ஒரு காரணம் சொல்கிறார்கள். காரணம் சொன்னால் அவர்கள் முன்னாலேயே காட்டுகிறார். ஒரே ஒருவர் மட்டும் முறைத்திருக்கிறார்.

இந்தக் கதை எப்படியோ எங்கள் தேவாலயத்தின் பங்குச் சாமியார் காதுக்குப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மண்டபத்தில் சின்னக் கூட்டம் ஒன்று வைத்தார். பங்சாரில் அலுவலகம் வைத்திருக்கும் லோஜினி என்ற வக்கீல் பேச வந்தார். மோட்டாரில் வேலை பார்க்கிறவர்கள் முப்பது பேர் போல வந்திருந்தார்கள், பாதிப் பேர் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்கள்கூட இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லாமல், உறை, டாக்டர், பிளாஸ்டர் என்று நடந்ததை மட்டும் சொன்னார் திமோத்தி.

உணவு விநியோகம் செய்யும் கிஷன் என்பவர் எழுந்து கேட்டார். "அண்ணே, உங்க பெட்டில இரத்தம். அதனால டாக்டர் வந்தாங்க. என் பெட்டில பீட்சாதானே இருக்கு? எனக்கு யார் வருவா?"

எல்லாரும் சிரித்தார்கள். திமோத்தியும் சிரித்தார்.

"பீட்சாவைக் காட்டிடு லா. அதுல என்ன இருக்கு? ஃபோனைக் கேட்டா மட்டும், எதுக்குன்னு கேளு. சிரிச்ச முகமா கேளு. ஹெல்மெட்டைக் கழட்டிட்டுக் கேளு."

"பயமா இருக்காதா?"

"இருக்கும். எனக்கு இப்பவும் இருக்கு. கேட்டு முடிச்சதும் கொஞ்சம் குறையும்."

லோஜினி எழுந்து, சந்தேகத்துக்கு இடம் இருந்தால் சோதனை போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு, அதைத் தடுக்கக்கூடாது, ஆனால் பெயரும் பதவியும் காரணமும் கேட்பது தடுப்பது ஆகாது என்று விளக்கினார். சிலர் கைப்பேசியில் எழுதிக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் பிலோமினா எல்லாருக்கும் மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ் தட்டுகளை நீட்டிக்கொண்டு வந்தாள். கணவரிடம் வந்ததும், "ஏழு நிமிஷம் பேசுறேன்னு சொல்லிட்டு அரை மணி நேரம் பேசிட்டீங்க. சாமியார் ரெண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாரு" என்றாள்.

"நிஜமாவா?"

"நிஜமா. ஆனா நல்லா இருந்துச்சு."

சாப்பிட்டுவிட்டு நாங்கள் நடந்தே வீட்டுக்குத் திரும்பினோம். வழியெல்லாம் திமோத்தி குறை சொல்லிக்கொண்டே வந்தார், மீ கோரேங்கில் உறைப்பு போதவில்லை என்று. பிலோமினா காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.